சிறைக்கோட்டங்களைத் தேடிச் சென்ற செம்மல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

பசிப்பிணி தீர்த்த மணிமேகலையை நாம் அறிவோம். அமுதசுரபியைக் கையில் ஏந்திய அவள், புகார் நகரத்துச் சிறைச்சாலைக்குள்ளும் நுழைந்தாள். அங்கே வாடிக் கிடந்தோர்க்கு வயிறார உணவளித்தாள். பின்னர்ச் சோழ மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். இது காப்பியம் காட்டும் காட்சி.

வரலாற்றிலும் அப்படி ஒருவர் வாழ்ந்திருக்கிறார். அவரிடம் அமுதசுரபி இல்லை. ஒரு குறிப்பேடும், ஓர் அளவுகோலும், ஒரு குதிரையும்தான் இருந்தன. அவற்றைத் துணைக்கொண்டு ஐரோப்பாவின் சிறைச்சாலைகளை எல்லாம் தேடித் தேடிச் சென்றவர் அவர். இங்கிலாந்து தந்த அந்தப் பெருந்தகையின் பெயர் ஜான் ஹோவர்டு.

இளமைப் பருவம்

ஹோவர்டு 1726-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் லண்டன் நகரை அடுத்த ஹாக்னியில் பிறந்தார். தந்தை நாற்காலி, கட்டில் முதலியவற்றிற்கு மெத்தை தைத்துத் தரும் தொழிலில் பெரும் பொருள் ஈட்டியவர். தாயை ஹோவர்டு சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிப் படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. தந்தை அவரை ஒரு மொத்த மளிகைக் கடையில் தொழில் பழக விட்டார். 1742-இல் தந்தை மறைந்தபோது, அவர் விட்டுச் சென்ற செல்வம் மகனுக்கு வந்தது. இனி வாழ்நாள் முழுவதும் அவர் உழைக்கத் தேவையில்லை. அவர் நினைத்திருந்தால் உண்டு, உடுத்து, உறங்கிக் காலம் கழித்திருக்கலாம்.

உடல்நலம் குன்றியிருந்த ஹோவர்டை, அவர் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளரான சாரா என்னும் அம்மையார் தாயைப் போல் பேணினார். வயதில் தம்மைவிட மிகவும் மூத்தவரான அந்த அம்மையாரையே நன்றியுணர்வால் அவர் மணந்துகொண்டார். சில ஆண்டுகளில் அந்த அம்மையார் காலமானார். துயரத்தில் இருந்தவரின் காதில் 1755-இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்து வீழ்ந்த செய்தி விழுந்தது. அதனைக் காணக் கப்பலேறினார்.

சிறைக்குள் சில நாட்கள்

அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பகை மூண்டிருந்த காலம். நடுக்கடலில் பிரெஞ்சுக் கப்பலொன்று அவர் சென்ற கப்பலைப் பிடித்தது. பயணிகள் அனைவரும் பிரெஸ்ட் கோட்டையின் இருண்ட அறையில் அடைக்கப்பட்டார்கள். நெடுநேரம் உணவில்லை. குடிக்க ஒரு சொட்டு நீர் இல்லை. பின்னர் ஓர் இறைச்சித் துண்டத்தை உள்ளே எறிந்தார்கள். கத்தியில்லாத கைதிகள் அதனை நாய்களைப் போல் கடித்துக் குதறித் தின்ன நேர்ந்தது. வைக்கோலைப் பரப்பிய ஈரத் தரையில் ஆறு இரவுகள் கழிந்தன.

சில காலம் கழித்து ஹோவர்டு மட்டும் வாக்குறுதியின் பேரில் தாய்நாடு திரும்பினார். தாம் பிழைத்தோம் என்று அவர் வாளாவிருக்கவில்லை. உடன் அடைபட்டிருந்தோரின் நிலையை அதிகாரிகளிடம் எடுத்துரைத்து, அவர்களும் விடுதலை பெற வழிசெய்தார். தம் வாழ்வின் பணி இதுதான் என்று அன்று அவர் எண்ணியதில்லை. ஆயினும் விதை அன்றே விழுந்துவிட்டது எனலாம்.

அறிவியலாளர் ஹோவர்டு

அறிவியல் மாணவர்களாகிய நாம் அறிந்து மகிழ வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1756-இல் ஹோவர்டு ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். புகழ்பெற்ற கண்டுபிடிப்பு எதையும் அவர் செய்யவில்லை. ஆனால் வெப்பமானியைக் கையில் எடுத்தால் அவர் சலிப்பதே இல்லை. கார்டிங்டன் கிராமத்துக் கடுங்குளிரையும், பாத் நகரத்து வெந்நீர் ஊற்றுகளின் சூட்டையும், வெசூவியஸ் எரிமலைத் தரையின் வெப்பத்தையும் அளந்து எழுதி அனுப்பியவர் அவர். தாமே நேரில் சென்று பார்ப்பது, அளப்பது, அளந்ததை அப்படியே எழுதுவது என்னும் இந்தப் பழக்கமே பிற்காலத்தில் அவருடைய படைக்கலமாயிற்று.

1758-இல் ஹென்ரியட்டா என்னும் நற்குண நங்கையை அவர் மணந்தார். ஆண்டுக் கணக்கில் மீந்த பணத்தில் லண்டன் சென்று வரலாமா என்று அவர் கேட்டபோது, அந்தப் பணத்தில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு நல்ல வீடு கட்டலாமே என்று அந்த அம்மையார் சொன்னதாகக் கூறுவர். கார்டிங்டனில் குடியானவர்களுக்கு வீடுகள் எழுந்தன. பிள்ளைகளுக்குப் பள்ளிகள் எழுந்தன. 1765-இல் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றுத் தந்த சில நாட்களிலேயே ஹென்ரியட்டா மறைந்தார். ஹோவர்டு மறுபடியும் தனியரானார்.

திருப்பம் தந்த ஆண்டு

1773-இல் ஹோவர்டு பெட்ஃபோர்டுஷயரின் ஷெரீப்பாக நியமிக்கப்பட்டார். ஷெரீப் என்பது அந்நாளில் ஒரு பெருமைப் பதவி. நீதிமன்றம் கூடும்போது அணிவகுப்புடன் சென்று அமர்வார்கள், விருந்துண்பார்கள். மாவட்டச் சிறை அவர்கள் பொறுப்பில் இருந்தாலும் அதன் வாசலை மிதித்தவர் அரியர். ஹோவர்டோ சிறைக்குள் சென்று பார்த்தார்.

அங்கே கண்ட காட்சி அவரைத் திடுக்கிட வைத்தது. குற்றமற்றவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் சிலர் கம்பிகளுக்குப் பின்னே இருந்தார்கள். ஏன்? அக்காலத்தில் ஜெயிலருக்குச் சம்பளம் கிடையாது. கைதிகளிடம் வாங்கும் கட்டணமே அவருடைய வருமானம். உள்ளே வரக் கட்டணம், படுக்கைக்குக் கட்டணம், கால் விலங்கின் கனத்தைக் குறைக்கக் கட்டணம், வெளியே போகவும் கட்டணம்! அந்தக் கடைசிக் கட்டணத்தைக் கட்ட வழியில்லாத நிரபராதிகள், விடுதலையான பின்னும் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

இந்த இடத்தை நூலகத்தில் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் தெருவில் ஒரு கூலித் தொழிலாளி இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு திருட்டு வழக்கில் சந்தேகத்தின் பேரில் அவரைப் பிடித்துச் சென்றார்கள். ஜாமீன் கிடைத்தது. ஆனால் ஜாமீன் கொடுக்கச் சொத்துள்ள ஆள் இருவர் வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் யாரிடம் பட்டாவும் வீட்டு வரி ரசீதும் இருந்தன? ஐந்து மாதங்கள் கழித்தே அவர் வீடு திரும்பினார். பின்னர் வழக்கும் தள்ளுபடியாயிற்று. ஆனால் என்னோடு எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த அவர் மகன், அந்த ஐந்து மாதத்தில் செங்கல் சூளைக்குப் போனவன், பிறகு பள்ளிக்குத் திரும்பவே இல்லை. 1773-இல் ஹோவர்டு கண்டது எனக்குப் பழங்கதையாகத் தோன்றாததற்கு இதுவே காரணம்.

முன்னுதாரணம் தேடிய பயணம்

ஜெயிலருக்கு அரசே சம்பளம் தந்தால் இந்தக் கொடுமை ஒழியுமே என்று ஹோவர்டு மாவட்ட நீதிபதிகளிடம் கேட்டார். வேறெந்த மாவட்டத்திலாவது அப்படி வழக்கம் உண்டா, முன்னுதாரணம் காட்டுங்கள் என்றார்கள் அவர்கள். தட்டிக் கழிக்கச் சொன்ன சொல் அது. ஹோவர்டு அதனை உண்மையாகவே எடுத்துக்கொண்டார். குதிரையேறினார். அண்டை மாவட்டத்துக்குச் சென்றார். அங்கே முன்னுதாரணம் இல்லை. அதற்கடுத்த மாவட்டத்திலும் இல்லை. முன்னுதாரணம் எங்கும் கிட்டவில்லை. ஆனால் எங்கும் கொடுமை கிட்டியது. தேடிப் போன பொருளை விட்டுவிட்டுக் கண்ட கொடுமைகளை எழுதத் தொடங்கினார்.

அவர் எழுதி வைத்தவற்றுள் சிலவற்றைக் கேளுங்கள். பிளிமத் நகரச் சிறையில் ஓர் அறை. நீளம் 17 அடி, அகலம் 8 அடி, உயரம் ஐந்தரை அடி. நிமிர்ந்து நிற்க முடியாது. கதவில் இருந்த சிறு துவாரம் ஒன்றே காற்று வரும் வழி. நாடுகடத்தத் தீர்ப்பான மூன்று பேர் ஏறத்தாழ இரண்டு மாதம் அங்கே இருந்து, முறை வைத்து அந்தத் துவாரத்தில் மூக்கை வைத்து மூச்சு விட்டார்கள். நேர்ஸ்பரோவில் கடனாளிகளின் அறைக்குள்ளேயே சாக்கடை ஓடியது. அங்கே அடைக்கப்பட்ட ஒருவர், எலிகளிடமிருந்து தம்மைக் காக்க ஒரு நாயை உடன் கொண்டு சென்றார். எலிகள் நாயையே கொன்றன. அவர் முகத்தையும் குதறின. ஈலி நகரில் சிறைக் கட்டடம் உறுதியில்லாதது. சுவரைப் பழுது பார்ப்பதற்கு மாறாக, கைதிகளை மல்லாத்தித் தரையோடு சங்கிலியால் பிணைத்து, கழுத்தில் முள் பதித்த இரும்புப் பட்டையை மாட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சிறை ஒரு பேராயருக்குச் சொந்தமானது!

சன்னல்களுக்கு அந்நாளில் வரி உண்டு. அந்த வரியை ஜெயிலரே கட்ட வேண்டியிருந்ததால் பல சிறைகளில் சன்னல்கள் அடைக்கப்பட்டன. காற்றில்லாத, அழுக்கு நிறைந்த அறைகளில் சிறைக் காய்ச்சல் என்னும் கொடிய நோய் பரவியது. இது பேன்கள் வழியாகப் பரவும் டைஃபஸ் காய்ச்சல் என்பது பிற்காலத்து மருத்துவம் கண்ட உண்மை. சிறைக்குள் மட்டும் அது நிற்கவில்லை. 1750-இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்குக் கைதிகளுடன் வந்த இக்காய்ச்சல், நகரத் தலைவரான லார்டு மேயரையும் நீதிபதிகளையும் சேர்த்து 50-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. தூக்கு மேடையில் மாண்டவர்களைவிட இந்தக் காய்ச்சலால் சிறையில் மாண்டவர்களே அதிகம் என்று ஹோவர்டு கணக்கிட்டுக் காட்டினார். ஏறத்தாழ 160 குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை இருந்த காலம் அது என்பதை நினைவிற் கொண்டால்தான் இதன் கொடுமை விளங்கும்.

சிறைக்குள் சென்று வந்த ஹோவர்டின் உடைகளில் துர்நாற்றம் ஏறிவிடும். மூடிய வண்டியில் அமர்ந்தால் அவராலேயே அதைப் பொறுக்க முடியாது. எனவே மழையிலும் பனியிலும் குதிரை மீதே சென்றார். குறிப்பேட்டின் தாள்களை நெருப்பின் முன் காட்டிய பின்னரே படிக்க முடிந்தது. புலால் உண்ணாமல், மது அருந்தாமல், எளிய உணவோடு அவர் பயணம் செய்தார்.

சட்டமும் நூலும்

1774-இல் பாராளுமன்றம் அவரை அழைத்துச் சாட்சியம் கேட்டது, நன்றியும் தெரிவித்தது. அவ்வாண்டே இரண்டு சட்டங்கள் நிறைவேறின. விடுதலையானவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது என்றது ஒன்று. சிறைகளைச் சுண்ணாம்பு அடித்துத் தூய்மையாக வைக்க வேண்டும், நோயுற்றோர்க்குத் தனி அறையும் மருத்துவரும் வேண்டும் என்றது மற்றொன்று. சட்டம் இயற்றினால் போதுமா? அது சிறைக்குள் போய்ச் சேர வேண்டாமா? ஹோவர்டு அச்சட்டங்களைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு ஒவ்வொரு சிறைக்கும் அனுப்பினார். பின்னர் அவை நடைமுறையில் உள்ளனவா என்று பார்க்க மீண்டும் புறப்பட்டார். பல இடங்களில் அவை நடைமுறைக்கு வரவில்லை.

1777-இல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் சிறைகளின் நிலை பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. அந்நூலில் அலங்காரச் சொற்கள் இல்லை. எந்தச் சிறை, எத்தனை பேர், அறையின் நீள அகலம் என்ன, ரொட்டியின் எடை என்ன, தண்ணீர் உண்டா, ஜெயிலர் வாங்கும் கட்டணம் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. அவர் எண்ணிய கைதிகள் 4,084 பேர். அவர்களுள் 2,437 பேர் கொலைகாரரோ கொள்ளைக்காரரோ அல்லர். கடனைத் திருப்பித் தர இயலாதவர்கள்! பெருங்குற்றம் புரிந்தோர் 994 பேரே. எஞ்சிய 653 பேர் சிறு குற்றம் புரிந்தோர். கடனாளியைச் சிறையில் அடைத்தால் அவன் எப்படி உழைப்பான்? உழைக்காதவன் எப்படிக் கடனை அடைப்பான்? இந்தக் கேள்வியை அந்த எண்களே கேட்டன.

கடல் கடந்த தேடல்

குறையைச் சொன்னால் மட்டும் போதாது, மாற்றையும் காட்ட வேண்டும் என்று அவர் கருதினார். ஹாலந்து, பெல்ஜியம், ஜெர்மனி, இத்தாலி, ரஷ்யா என்று நாடு நாடாகச் சென்றார். ஹாலந்தில் தூக்குத் தண்டனை அரிதாக இருந்ததையும், கைதிகளுக்குத் தொழில் தந்து திருத்த முயல்வதையும் கண்டு வியந்தார். கெண்ட் நகரச் சிறையில் இரவில் தனித்தனி அறை, பகலில் கூடி உழைப்பு என்னும் முறையைப் பாராட்டினார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்றபோது அங்கே தொழிற்கூடம் மூடப்பட்டுச் சிறை சீரழிந்திருந்தது. பின்னர் 1786-இல் வியன்னாவில் பேரரசர் இரண்டாம் ஜோசப்பைச் சந்தித்தபோது அந்தக் குறையை முகத்துக்கு நேரே கூறினார். பாரிசில் பாஸ்டீல் கோட்டைக்குள் நுழைய முயன்று துரத்தப்பட்டார். அதனைப் பற்றித் தடை செய்யப்பட்ட ஒரு நூலைத் தேடிப் பெற்று மொழிபெயர்த்து வெளியிட்டார். அந்தக் கோபத்தை பிரெஞ்சு அரசு மறக்கவில்லை. பின்னொருமுறை அந்நாட்டில் மருத்துவர் வேடத்தில் பயணம் செய்ய வேண்டியதாயிற்று.

அமெரிக்கக் குடியேற்றங்கள் போர் தொடங்கியதும், கைதிகளை அங்கே நாடுகடத்தும் வழி இங்கிலாந்துக்கு அடைபட்டது. 1776 முதல் தேம்ஸ் ஆற்றில் பழைய கப்பல்களில் அவர்களை அடைத்தார்கள். இந்நிலையில் பிளாக்ஸ்டோன், ஈடன் ஆகியோரும் ஹோவர்டும் சேர்ந்து முயன்றதன் பயனாக 1779-இல் திருத்தச் சிறைச் சட்டம் பிறந்தது. தூய்மை, உழைப்பு, இரவில் தனிமை, நல்லுரை என்பன அதன் கொள்கைகள். ஆனால் கட்டடத்தை எங்கே கட்டுவது என்பதிலேயே மேற்பார்வையாளர்கள் முரண்பட்டார்கள். மனம் வெறுத்த ஹோவர்டு 1781-இல் விலகினார். அந்தச் சிறை கட்டப்படவே இல்லை. 1787-இல் கைதிக் கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன.

வென்றவரும் தோற்றவரும்

பின்னர் அவருடைய கவனம் பிளேக் நோயின் பக்கம் திரும்பியது. துறைமுகங்களில் பயணிகளை அடைத்து வைக்கும் நோய்த்தடுப்பு விடுதிகள் எப்படி உள்ளன என்பதை அறிய, நோய்த் தொற்று ஐயமுள்ள கப்பலிலேயே வேண்டுமென்று ஏறி, ஸ்மிர்னாவிலிருந்து வெனிஸ் சென்றார். அங்கே தாமும் அடைபட்டார். அப்போது தாய்நாட்டிலிருந்து வந்த கடிதங்களில் இரண்டு செய்திகள் இருந்தன. அவருக்குச் சிலை எழுப்ப மக்கள் நிதி திரட்டுகிறார்கள் என்பது ஒன்று. அவருடைய ஒரே மகன் சித்தம் கலங்கிப் போனான் என்பது மற்றொன்று.

தாயில்லாப் பிள்ளையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றிய தந்தை அவர். மகனிடம் மிகவும் கண்டிப்பாக இருந்தார் என்று சிலர் குறை கூறினர், நண்பர்கள் மறுத்தனர். எது எப்படியாயினும், உலகத்துக் கைதிகளின் கண்ணீரைத் துடைத்தவரால் தம் மகனின் துயரைத் துடைக்க முடியவில்லை என்பதே உண்மை. அந்த மகன் 1799-இல் மனநோய் விடுதியிலேயே மாண்டான். பெரியோர் வரலாற்றை எழுதும்போது இதனை மறைக்க வேண்டியதில்லை என்று கருதுகிறேன். சிலை வேண்டாம் என்று ஹோவர்டு உறுதியாக எழுதியனுப்பினார். நிதி திரட்டல் நின்றது.

1789-இல் கடைசிப் பயணம். ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. கெர்சன் நகரின் படை மருத்துவமனைகளில் வீரர்கள் கவனிப்பாரின்றி மாள்வதை அவர் பார்வையிட்டுக் குறித்தார். காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணுக்கு உதவச் சென்றவரை அதே காய்ச்சல் பற்றியது. 1790 ஜனவரி 20-ஆம் நாள் தமது 63-ஆம் வயதில் அவர் மறைந்தார். தம் கல்லறை மீது சிலை வேண்டாம், ஒரு சூரியக் கடிகாரம் போதும் என்பது அவர் விருப்பம். ஆயினும் லண்டன் தூய பவுல் பேராலயத்தில் சில ஆண்டுகளில் அவருக்குச் சிலை எழுந்தது. அந்த ஆலயத்துள் முதலில் இடம் பெற்ற சிலை அதுவே.

விட்டுச் சென்ற பணி

ஹோவர்டு கண்ட கனவு முழுதும் பலித்ததா? இரவில் மட்டும் தனிமை என்று அவர் சொன்னதைப் பின்வந்தோர் இரவும் பகலும் தனிமை என்று ஆக்கினார்கள். 1829-இல் பிலடெல்பியாவிலும் 1842-இல் லண்டன் பென்டன்வில்லிலும் திறக்கப்பட்ட சிறைகளில், பேச்சுத் துணையற்ற தனிமையால் பலர் சித்தம் கலங்கினர். நல்ல நோக்கத்தோடு கட்டிய சுவரும் மனிதனை நசுக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

மாற்று வழி வேறு திசையிலிருந்து வந்தது. 1841-இல் பாஸ்டன் நகரத்துச் செருப்புத் தைக்கும் தொழிலாளியான ஜான் அகஸ்டஸ், குடிகாரன் ஒருவனுக்குத் தாமே ஜாமீன் நின்று, சிறைக்கு அனுப்பாமலே அவனைத் திருத்திக் காட்டினார். நன்னடத்தைக் கண்காணிப்பு முறை அதிலிருந்து வளர்ந்தது. கடனுக்காகச் சிறையிடுவதை இங்கிலாந்து 1869-இல் பெரும்பாலும் ஒழித்தது. நம் நாட்டில் 1958-இல் நன்னடத்தைச் சட்டம் வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையும் ஒரு தண்டனையாகியுள்ளது.

ஆயினும் 2022-ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேருள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவர் தீர்ப்பு வராதவர்கள்! பணமில்லாத காரணத்தால் ஜாமீனில் வர முடியாத ஏழைகளுக்கு உதவ 2023-இல் நடுவண் அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. சட்டத்தை அச்சிட்டு அனுப்பியதோடு நில்லாமல், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கப் புறப்பட்ட ஹோவர்டை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். ஹோவர்டைப் போல நாற்பதாயிரம் மைல் சுற்ற என்னால் இயலாது. அவரைப் போல வாரி வழங்கச் செல்வமும் இல்லை. ஆனால் பட்டம் பெற்று ஒரு வேலையும் கிடைத்துவிட்டால், ஜாமீன் கையெழுத்துக்குச் செல்லுபடியாகும் ஒரு சம்பளச் சான்று எங்கள் தெருவில் ஒருவனிடமாவது இருக்கும். அந்தக் கையெழுத்தை யாருக்கும் மறுக்காதிருப்பதே இந்தப் பெருந்தகைக்கு நான் செய்யக்கூடிய நன்றி என்று எண்ணுகிறேன்.